காயல்பட்டினத்து ஃப்ளாப்பி டிரைவ்

1. நான் போனால் ஓடும்

சர்வீஸ் வேலையில் இருப்பவனுக்கு முழுசாகச் செத்துப்போன மெஷினால் தொல்லை இல்லை. பார்ட்டை மாற்றிவிட்டு வந்துவிடலாம். நம் கண் முன்னால் ஒழுங்காக ஓடிவிட்டு, நாம் பஸ் ஏறியதும் படுத்துக்கொள்கிற மெஷின்தான் ஆளைக் கொல்லும். தொண்ணூறுகளின் பின்பாதியில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் டீலரிடம் நான் சர்வீஸ் எஞ்சினியராக இருந்தபோது, அப்படி ஒன்று காயல்பட்டினத்தில் ஒரு வீட்டில் இருந்தது.

அந்த வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். கடலில் இருக்கும்போது போன் கிடையாது. கப்பல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் மைக் வைத்துப் பேசி, குரலை ஃப்ளாப்பியில் பதிந்து வைத்துக்கொள்வார். கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால், ஊருக்குத் திரும்புகிற ஆள் கையில் அதைக் கொடுத்துவிடுவார். ஒரு ஃப்ளாப்பியில் இரண்டு மூன்று நிமிடப் பேச்சுதான் கொள்ளும். அதைக் கேட்பதற்காகவே அந்த வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். அதில் வேறு எது கெட்டிருந்தாலும் அவர்கள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கெட்டது ஃப்ளாப்பி டிரைவ்.

நான் போவேன். முன்கூடத்தில் மேஜை மேல் கம்ப்யூட்டர் தயாராக இருக்கும். என் டெஸ்ட் ஃப்ளாப்பியைப் போட்டால் வெண்ணெய் மாதிரி படிக்கும். அவர்களுடைய ஃப்ளாப்பியைக் கேட்க எனக்கு வாய் வராது. புருஷன் பெண்டாட்டியிடம் பேசியதை நான் எப்படிப் போட்டுக் கேட்பது? டிரைவில் ஃப்ளாப்பியைப் படிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்வேன், கேபிளை மாற்றுவேன், திரும்பிவிடுவேன். மறுநாளே அந்த வீட்டு அம்மாவின் தம்பி போன் செய்வார். அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊரில் அண்ணன் என்று அர்த்தம்.

"தம்பி, நீங்க வந்தா ஓடுது, போனா நிக்கிது. பேசாம நீங்க இங்கனயே ஒரு வீடு பாத்து வந்துருங்களேன்."

மனிதர் ஒரு தடவைகூடக் கோபப்பட்டதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

டிரைவையும் மாற்றிப் பார்த்தோம். அதே கதை. கம்பெனியின் சென்னை சர்வீஸ் லைனுக்கு நானே போன் போட்டேன். போன் நெடுநேரம் பாட்டுப் பாடிய பிறகு ஒரு பையன் எடுத்தான்.

"சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் ரிசீவரைக் கடித்திருப்பேன். அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"டிரைவ் மாத்தியாச்சு இல்ல சார்? அப்புறம் எங்க பொறுப்பு இல்ல. கஸ்டமர் ஹாண்ட்லிங் ப்ராப்ளம்னு போட்டு கம்ப்ளெய்ன்ட்ட க்ளோஸ் பண்ணிருங்க."

அவன் க்ளோஸ் பண்ணச் சொன்ன அன்றே காக்கா மறுபடி போன் செய்தார். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை. மறுநாள் அக்கா மகள் சுலைஹாவுக்கு நிக்காஹ். பெண்ணின் வாப்பாவால் வர முடியவில்லை, அவர் கப்பல் நடுக்கடலில். மகளுக்கென்று பேசி அனுப்பிய ஃப்ளாப்பி அன்று காலையில்தான் கைக்கு வந்திருக்கிறது. டிரைவ் படிக்க மாட்டேன் என்கிறது.

"புள்ள சாப்பிடாம உக்காந்திருக்கு தம்பி" என்றார்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்காரன் என்னலே சொல்லுதான்?"

"நம்ம பொறுப்பு இல்லைங்கான் அண்ணாச்சி."

"அவன் கெடக்கான். கல்யாண வீடு. நம்ம கடைக் கம்ப்யூட்டர் பொட்டியில இருக்க டிரைவக் கழத்திக்கிட்டுப் போலே. பில்லு வரும்போது வரட்டும்."

2. திரைக்கு அந்தப் பக்கம்

ஏரல் வழி பஸ்ஸில் டிரைவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் பந்தல். முன்கூடம் முழுக்க ஆண்கள். என் மேஜை இருந்த இடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது.

"பொட்டி உள்ளதான் இருக்கு தம்பி. இங்க வைக்க எடமில்ல. உள்ள பூரா பொம்பளைங்க. என்ன செய்யலாம்?" என்றார் காக்கா.

அந்த ஊரில் அந்நிய ஆண் உள்வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. அதனால் இடைவழியில், திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்; வேறு எதற்கும் அங்கே இடமில்லை. ஸ்க்ரூ டிரைவரும் டிரைவும் என் கையில், கம்ப்யூட்டர் அந்தப் பக்கம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற மாதிரிதான்.

"ஸ்கிரீன்ல என்னம்மா தெரியுது?" என்று கேட்டேன்.

கல்யாணப் பெண்ணே பதில் சொன்னாள். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். அழுது கட்டிப்போன குரல்.

"படிக்க முடியலன்னு வருது. எழுத்தெல்லாம் நெளியிது."

"நெளியுதா? எப்ப இருந்து?"

"எப்பவும் நெளியும். தண்ணிக்குள்ள கெடக்க மாதிரி."

"நான் பாக்கும்போது ஒருநாளும் நெளியலையேம்மா."

"நீங்க வர்றீங்கன்னா மாமா பொட்டிய முன்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க போனதும் இங்க கொண்டாந்து வச்சிருவோம்."

இத்தனை தடவை வந்தும், அந்த மெஷின் குடியிருக்கிற இடத்தை நான் பார்த்ததே இல்லை.

"பொட்டி எதுமேல இருக்கு?"

இப்போது அம்மா பேசினார். "ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல தம்பி. தரை கழுவுற தண்ணி படக்கூடாதுன்னு ஒசத்தி வச்சோம்."

எங்கள் பக்கத்து லோ வோல்டேஜுக்கு வீட்டுக்கு வீடு அந்த இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே இருப்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மர். அதன் காந்தம் ஸ்கிரீனை ஆட்டும், மேலே இருக்கிற டிரைவையும் படிக்க விடாது. பத்திரமாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் வினையாகிப் போயிருக்கிறது.

"ஆஃப் பண்ணிட்டு எல்லாத்தையும் எதிர்ச் சுவர் ஓரமா மாத்துங்கம்மா. பையப் பைய தூக்குங்க."

உள்ளே வளையல் சத்தம், "புடி, புடி" என்று கூச்சல், யாரோ சிரித்தார்கள். மறுபடி ஆன் பண்ணச் சொன்னேன்.

"நெளியல!" என்றாள் சுலைஹா.

முதலில் ஃப்ளாப்பியை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி பண்ணச் சொன்னேன். டிரைவ் கரகரவென்று ஓடி நின்றது. பிறகு கப்பல் இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் வந்தது. சலாம் சொன்னது.

"சுலைஹா... வாப்பா பேசுறேன் கண்ணு. வர முடியலன்னு கோவிச்சுக்காதே. கல்யாணத்தன்னிக்கு வெறும் வயித்தோட இருக்காதே, ஒனக்குத் தல சுத்தும்..."

மேற்கொண்டு கேட்பது முறையில்லை என்று எழுந்து பந்தலுக்கு வந்துவிட்டேன். காக்கா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். கொண்டுபோன டிரைவ் பிரிக்காமலே பையில் இருந்தது.

பின்னால் நானே ஆட்களை வைத்துச் சர்வீஸ் நடத்தினேன். வேலைக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: மெஷினைத் தொடுவதற்கு முன்னால், நீங்கள் இல்லாத நேரத்தில் அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கம்பெனிக்காரன் கேட்க மாட்டான். கஸ்டமருக்குச் சொல்லத் தோன்றாது.

இதையும் சொல்ல வேண்டும். நான் பையை எடுக்க மறுபடி இடைவழிக்குப் போனபோது, அந்த அம்மா திரைக்குப் பின்னால் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, இன்னொரு தரம் போடலாமா? தேஞ்சு போயிராதே?"

"எத்தனை தரம் வேணும்னாலும் போடுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

உள்ளே மறுபடி கப்பல் இரைச்சல் கேட்டது. "சுலைஹா" என்று கூப்பிட்டது அந்தக் குரல்.

"என்ன வாப்பா" என்றாள் அந்தப் பெண்.