நான்கு நாள் எரியாத அடுப்பு

திருப்பாலைவனத்து நெல் மில்லை விட்டு நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தோளில் ஒரு பை, அதில் ஒரு வேட்டி, இரண்டு சட்டை. மில்லில் யாரோடும் சண்டை இல்லை. இரண்டு மாதம் உமித் தூசியில் இருமியது போதும் என்று காலையில் பட்டது, கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எல்லா இடங்களையும் நான் அப்படித்தான் விட்டிருக்கிறேன். எங்கே போவது என்று முடிவு செய்திருக்கவில்லை. கால் பழவேற்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து நான்கோ ஐந்தோ வயது.

எதிரே தலையில் கூடையோடு வந்த மீன்காரம்மா என்னைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்றாள்.

"டேய், லைட்ஹவுஸ் குப்பத்துல கட்டிக் குடுத்திருக்கறவளோட தம்பி இல்ல நீ?"

"ஆமாக்கா."

"இங்க இன்னாடா ஊர் சுத்தினு கீற? உங்கக்காவ பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி நாலு நாளாவுது. வயித்துல கட்டியாம், அறுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். உங்க மாமன் அங்கயே கெடக்கறான்."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அங்க போயி நீ இன்னா, டாக்டருக்குக் கத்தி எடுத்துக் குடுக்கப் போறியா? பசங்களப் போய்ப் பாரு. அந்தப் பொண்ணு ஒரு வாய் சோறு துண்ணலயாம். பச்சத் தண்ணில உசுரப் புடிச்சினு கீது."

அதற்குப் பிறகு நடந்த தூரம் எனக்கு நினைவில் இல்லை. வழியில் ஒரு கடையில் பன்னும் கடலை மிட்டாயும் வாங்கினேன் என்பது மட்டும் தெரியும். பழவேற்காட்டில் துறைக்கு வந்து, படகில் ஏறி, ஏரியைத் தாண்டி குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நான்கு. பெண் குடிசைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. முன்னால் ஒரு தட்டில் சோறும் இறால் வறுவலும் ஒரு முழு முட்டையும். ஈயை விரட்டக்கூட அவள் கை தூக்கவில்லை. பையன் அவளைப் பார்ப்பதும் முட்டையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தாள். "வாய்யா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? நான் எறா வறுத்துக் குடுத்தேன், முட்ட வெச்சேன். கடைசி வூட்டுக்காரி நண்டு ரசம் எடுத்தாந்தா. மொற வெச்சுத்தான் எல்லாரும் குடுக்கறோம். ஒண்ணத் தொடல. எப்பவுமே இது நொறநாட்டியம் புடிச்ச கழுததான். கத்திரிக்கா ஆவாது, நண்டு ஆவாது, மீனுல முள்ளு இருந்தா ஆவாது. ஆனா இப்பிடி ஒரே அடியா மூஞ்சத் திருப்பிக்கினு இருந்ததில்ல. சின்னவனாவது அவ அந்தாண்ட திரும்புனா ரெண்டு வாய் துண்றான்."

பன்னைப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, தம்பியிடம் கொடுத்தாள். கதை சொன்னேன். "துண்ணலன்னா உனக்கும் ஊசி போடுவாங்க" என்று மிரட்டினேன். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கண் விழித்தால் முதலில் கேட்கப்போவது, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்றுதான். மாமா என்ன பதில் சொல்வார்? நாளைக்கும் இவள் இப்படியே இருந்தால் இவளையும் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். அக்கா அதைத் தாங்குவாளா என்று தெரியவில்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். மூன்று ஓட்டல்களில் அடுப்படியில் நின்றிருக்கிறேன். இவளுக்குப் பிடித்த மாதிரி எதையாவது கிளறிக் கொடுத்தால் சாப்பிடுவாள் என்று நினைத்து உள்ளே போனேன். அடுப்புக்குள் ஒரு கோழி படுத்திருந்தது. அதை விரட்டிவிட்டு, நான்கு நாள் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். சோறு வைக்க ஒரு சட்டியை எடுத்தேன்.

"அது இல்ல. அது கருவாட்டுச் சட்டி."

வாசலில் நின்றிருந்தாள். நான் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"அப்ப எது?"

கை காட்டினாள். அதன் பிறகு வேண்டுமென்றே தப்புத் தப்பாக எடுத்தேன். மிளகாய்த் தூள் இருக்கும் டப்பாவை விட்டுவிட்டு மஞ்சளைத் திறந்தேன். புளிப் பானையில் உப்பைத் தேடினேன்.

"ஓட்டல்ல வேல செஞ்சேன்னு சொன்ன?"

"அங்க எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் குடுப்பாங்கம்மா."

"ம்க்கும்" என்றாள். அக்காவின் குரல் மாதிரியே இருந்தது.

பையனைத் தட்டோடு கரைக்கு அனுப்பினேன். மாலையில் வலை வந்து சேரும் நேரம். கடலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் கறிக்கென்று ஒரு கைப்பிடி மீன் போடாமல் அங்கே யாரும் கூடையைத் தூக்க மாட்டார்கள். மூச்சிரைக்க ஓடி வந்தான். தட்டில் ஒன்பது கிழங்கான் மீன். ஒன்று வழியில் விழுந்ததை எடுத்து வந்ததால் மணல் ஒட்டியிருந்தது. அவள் அரிவாள்மனையை எடுக்கப் போனாள். அதை நான் வாங்கிக்கொண்டேன். செதில் தேய்ப்பது மட்டும் அவள் வேலை, கல்லில் உரசி. பையனுக்குப் புளி கரைக்கிற வேலை. கரைத்த கையை நக்கி நக்கி முகத்தைச் சுளித்தான்.

சவுக்கு மிளாறு வைத்து, மேலே தென்னம்பஞ்சு போட்டு, தீப்பெட்டியைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்த வெக்காத."

"ஏன்?"

"பெரியவங்க திட்டுவாங்க."

"அடுப்பு பத்த வெச்சா யாரு திட்டுவாங்க?"

"கடைசி வூட்டு அண்ணன் கடல்ல போனப்ப அவங்க பத்த வெக்கல. கருமாதி வரைக்கும் பத்த வெக்கல. நாங்கதான் சோறு எடுத்துனு போனோம். நான் ரசம் எடுத்துனு போனேன். சிந்தாம எடுத்துனு போனேன்."

தீப்பெட்டியை மூடினேன்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஊர்தான் முறை வைத்துச் சோறு கொண்டுபோகும். எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம் இது. போன மழைக்காலத்தில் அந்தக் கடைசி வீட்டு மனிதனைக் கடல் எடுத்தபோது இவள் அம்மா பின்னால் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். இப்போது அதே பெண்கள், அதே தூக்குச்சட்டிகள், அதே "துண்ணும்மா, தெம்பு வேணும்ல" இவள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கின்றன. அதில் நண்டு ரசம் கொண்டுவந்தவள் அந்தச் செத்த மனிதனின் மனைவி. அம்மாவை நான்கு பேர் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனதை இவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். மிச்சத்தை அவளே சேர்த்துக்கொண்டாள். அம்மா செத்துவிட்டாள், எல்லோரும் மறைக்கிறார்கள். இந்தச் சோற்றைத் தின்றால் அது உண்மை என்று ஆகிவிடும்.

"உங்கம்மா ஆஸ்பத்திரில கீதும்மா."

"நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "பாக்கல."

"அப்ப உனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? ரோட்டில் ஒரு மீன்காரம்மா சொன்னதுதான். அதுவும் காலையில் சொன்னது. அதற்குப் பிறகு பொன்னேரியில் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். அவளையே திருப்பிக் கேட்டேன்.

"உங்க நைனா வூட்டுக்கு வந்தாரா?"

"இல்ல."

"அந்த அண்ணன் போனப்ப வூட்ல யாராவது இல்லாம இருந்தாங்களா? எல்லாரும் வந்து ஒக்காந்துனு இருந்தாங்கல்ல? அம்மாவுக்கு எதனா ஆயிருந்தா நைனா வந்திருப்பார்ல? அவர் அங்கயே கீறாருன்னா அம்மா இருக்குதுன்னுதான அர்த்தம்?"

தம்பி புளித்தண்ணீரில் கையை விட்டபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் என் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கினாள். இரண்டு குச்சி வீணானது. மூன்றாவது பற்றியது.

புகை கிளம்பியதும் அவள் ஊதாங்குழலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினாள். விழுந்துவிடப் போகிறாளே என்று நான் பின்னால் போனேன். மணலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலை இடுக்கு வழியாகப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கூரைகளையும் ஒரு முறை பார்த்தாள். அங்கேயும் புகை. திரும்பி உள்ளே வந்து ஊத ஆரம்பித்தாள்.

அந்தப் புகையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏன்யா, நாங்க போடற சோறு உனக்கு ஒத்துக்கலயா? வந்ததும் வராததுமா கரண்டியப் புடிச்சிட்ட?"

அவளை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, எனக்குப் படவே இல்லியே. ஆளில்லாத வூட்ல அடுப்பு எதுக்குன்னுதான் வுட்டோம். நாலு நாளா அந்தக் கொழந்த நெஞ்சுல..." அழுதுகொண்டே போனவள், இன்றைக்கு இனி யாரும் அந்த வீட்டுக்குச் சோறு எடுத்துப் போகக்கூடாது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. யாரும் வரவில்லை.

குழம்பு கொதிக்கும்போது பெண் உப்புப் போட்டாள். அவள் திரும்பியதும் தம்பி ஒரு கை அள்ளிப் போட்டான். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். இறக்கி வைத்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மூன்று தட்டு வைத்தாள். நான்கு நாள் காய்ந்த வயிறு, காரம் ஆகாது என்று சோற்றைக் குழைத்து, குழம்பைத் தொட்டும் தொடாமலும் பிசைந்து கொடுத்தேன். என் தட்டில் கை வைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாய் உள்ளே போனது. மென்றாள். நிறுத்தினாள். துப்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"உப்பு" என்றாள்.

"ஆமா."

"கடல்ல இருந்து மொண்டு ஊத்துன மாரி கீது."

"நான் இல்ல, மாமா" என்றான் தம்பி.

"அம்மா வந்தா சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து மீனப் பாழாக்குனத." சொல்லிவிட்டு இரண்டாவது வாய் எடுத்தாள். ஒரு மீனின் முள்ளை எடுக்க என்னிடம் நீட்டினாள். பாதித் தட்டு காலியானது. தம்பி, கேட்பார் இல்லாமல், மூன்று மீன் தின்றான்.

தட்டை அலம்பி வைத்துவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து கேட்டாள்: "நாளைக்கும் பத்த வெப்ப இல்ல?"

"வெப்பேன்."

"தெனமும்?"

"தெனமும்."

அப்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அடுப்பு எரிந்தால் அம்மா இருக்கிறாள். அதை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கே பொன்னேரியிலிருந்து வேறு செய்தி வந்தால்? யாராவது ஒருத்தி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தால், இவள் அதை ஊதாங்குழலும் கையுமாகக் கேட்பாளா? பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நான் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விடிந்ததும் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, எதிர்வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டுத் துறைக்குப் போனேன். படகு ஓட்டுகிறவருக்குத் தோள்பட்டை பிசகி ஒரு வாரமாகக் கழி ஊன்றித் தள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார் என்று அவள்தான் சொன்னாள்.

"நீயா?" என்றார். "ஒரு எடத்துல மூணு மாசம் ஒழுங்கா இருந்திருக்கறியா நீ?"

"இல்ல."

"உங்கக்கா வந்துட்டா ஓடிடுவ."

"ஆமா."

"ஓடறவன்னு சொல்லிட்டே வேல கேக்கறியே, நீதான்டா யோக்கியன்."

"பொழுது சாயறதுக்கு முன்னாடி வூட்டுக்குப் போயிடணும். அடுப்பு பத்த வெக்கணும்."

"ஏன், ஓட்டல் தொறக்கப் போறியா?" சிரித்தபடி மூங்கில் கழியை என் பக்கம் தள்ளினார்.

பொன்னேரியிலிருந்து குப்பத்துக்கு வர வேறு வழி கிடையாது. மாமா வந்தாலும், மாமா சொல்லி அனுப்பிய ஆள் வந்தாலும், இந்தப் படகில்தான் ஏறியாக வேண்டும். எந்தச் செய்தியானாலும் முதலில் என் காதில் விழும். அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க, ஏரியின் அகலம் அளவுக்காவது நேரம் கிடைக்கும்.

வெற்றுப் படகைத் தள்ளிக்கொண்டு பழவேற்காட்டுக் கரைக்குக் கிளம்பினேன். முதல் பஸ் வந்திருக்க வேண்டும். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தூரத்தில் முகம் தெரியவில்லை. கழியைச் சேற்றில் ஊன்றி, பலம் கொண்ட மட்டும் தள்ளினேன்.