செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆக்லாந்து வெயிலை நம்பினேன். இரண்டாவது கிளிப் போடுவதற்குள் தூறல் வந்துவிட்டது. அப்போதுதான் என் யாழ்ப்பாணத்துத் தோழி வதனி போன் செய்தாள். "அக்கா, கேள்விப்பட்டனீங்களோ? எங்கட லான் அக்கா போயிட்டாவாம். இருதயமாம். அவட மகள் இப்பதான் சொன்னவ." துணியை எல்லாம் எடுத்து வாளியில் போட்டேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் திரும்பவும் மழையிலேயே காயப்போட்டேன். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எந்த வேலையிலும் கை ஓடவில்லை. இதை எழுத உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்டேன்.

ஹென்டர்சனில், டெய்ரி என்கிற மூலைக்கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் இருக்கும் லான் அக்காவின் அந்த ஒற்றை அறை உங்களில் பலருக்குத் தெரியும். சீன முறை மசாஜ் என்று கண்ணாடியில் எழுதியிருக்கும். நம் ஆட்களில் அங்கே முதலில் போனவள் நான்தான் என்று நினைக்கிறேன். நான் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தே கழுத்தைத் தொலைத்தவள். வாரத்தில் நாலு நாள் தலைவலி. மாத்திரைக்கும் கேட்காமல் போனபோது, வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை போய்க் குப்புறப் படுத்தேன். நடுவில் ஓர் ஆறு மாதம் தவிர, ஆறு வருடம் அந்தச் சனிக்கிழமையை விடவில்லை.

எண்ணெய்த் தேய்ப்பை எதிர்பார்த்துப் போனவர்கள் முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்திருப்பார்கள். எண்ணெயே கிடையாது. முதுகில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் புறங்கையை உருட்டிக்கொண்டே வருவார். தசை கொஞ்சம் இளகியதும் கட்டைவிரல். அதற்கும் மசியாத இடத்தில் முழங்கை. உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் உடம்பில் இருப்பதாகவும், அவை அடைபட்டால் வலி என்றும் சொன்னார். (அவர் பேசியது அரைகுறை ஆங்கிலம்; நான் தமிழில் தருகிறேன்.) எனக்குப் படித்த திமிர். "அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு பாதையும் கிடையாது அக்கா" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கழுத்தைத் திருப்பு" என்றார். திருப்பினேன். ஜன்னல் வரைக்கும் திரும்பியது. "பாதை இருக்கா இல்லையான்னு நீ படிச்சுக்கோ. எனக்குக் கழுத்து திரும்பினா போதும்."

தலைவலி மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. சனிக்கிழமை இரவுகளில் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். ஆனால் என் முட்டிக்கு அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "எலும்பு தேஞ்சதுக்கு என் கை ஒண்ணும் செய்யாது. அதுக்குக் காசு வாங்கினா எனக்குத் தூக்கம் வராது" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பாபகூராவிலிருந்துகூட ரயில் ஏறி வந்தார்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா? எங்கேயாவது வீக்கம்? வயிற்றில் குழந்தை? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தலைவலிக்கு ஓர் இடத்தை அழுத்துவார். கர்ப்பிணிகளுக்கு அதை அழுத்தக் கூடாது என்பது அவர்கள் மரபு. அதனால் யாரையும் விடமாட்டார். வதனியின் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. அவரிடமும் கேட்டார். அந்த அம்மா ஒரு வாரம் சிரித்தார்.

நம்மைக் கேட்பதற்கென்று இரண்டு தமிழ் கற்றுக்கொண்டார். இந்தியாக்காரர் படுத்தால் "வலிக்குதா?" யாழ்ப்பாணத்தார் படுத்தால் "நோகுதோ?" அழுத்தும்போது ஒரு தடவை கேட்பார். "இல்லை" என்று சொன்னால் நம்பமாட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்பார். உண்மை அந்த இரண்டாவது பதிலில்தான் வரும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சென்னை போய்விட்டுத் திரும்பிய மறுநாள் அவரிடம் போனேன். இடது கெண்டைக்காலில் வலி. அத்தனை மணி நேரம் விமானத்தில் மடக்கி உட்கார்ந்ததில் பிடித்துக்கொண்டது, அழுத்திவிட்டால் சரியாகும் என்றேன். காலில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். மற்ற காலைத் தொட்டுப் பார்த்தார். "இது சூடா இருக்கு. இன்னிக்கு நான் அழுத்தமாட்டேன். முதல்ல டாக்டர்."

"நான் நர்ஸ் அக்கா. இது வெறும் சுளுக்கு."

"நர்ஸா இருந்தா இன்னும் நல்லது. நான் விளக்க வேண்டாம்."

நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவர் குனிந்து, என் செருப்பை எடுத்து, வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்தார். காத்திருந்த இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு, கதவில் தொங்கிய அட்டையைத் திருப்பிவிட்டு, தன் காரிலேயே என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினார். காலில் ரத்தக்கட்டி. அழுத்தியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். வார்டில் எத்தனையோ பேருக்கு நானே சொல்லும் விஷயம். என் காலில் வந்தபோது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டரின் சம்மதச் சீட்டைக் காட்டிய பிறகுதான் என்னைத் திரும்பப் படுக்கவிட்டார்.

அந்தக் கட்டிலில் முகம் வைக்க ஓர் ஓட்டை இருக்குமே, அது வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையும் அவர் காலும்தான். வார் வைத்த கறுப்புத் துணிக் காலணி. இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் அந்த வார் மாட்டாமல் தொங்கியது. ஒரு மாதம் கழித்துக் காலணியின் பின்பக்கத்தை மிதித்துப் போட்டிருந்தார். அப்புறம் ஆண்கள் அணியும் பெரிய செருப்பு. காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஸ்டூல் ஒன்று வந்தது. எல்லாம் என் மூக்குக்குக் கீழேயே நடந்தது.

ஒரு தடவை கேட்டேன். "கால் வீங்கியிருக்கே அக்கா?"

"நாள் பூரா நிக்கிறேன்ல, அதான்."

அந்த நேரம் பார்த்து அவர் கட்டைவிரல் என் தோள்பட்டையின் அந்தப் பாழாய்ப்போன முடிச்சைத் தொட்டது. அவ்வளவு சுகமாக இருந்தது. அவர் நிறுத்திவிடக் கூடாது என்று இருந்தது. "ம்" என்றேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று தினமும் யாரையாவது கேட்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் கடைசி மாதம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாராம். மகள் சொல்லித்தான் தெரியும். முன்னாடியே டாக்டரிடம் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டர்களுக்கே தெரியாததை நான் சொல்ல முடியாது. "உன் மேல் தப்பில்லை" என்று என் கணவர் தினமும் சொல்கிறார். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். அந்த "ம்" மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, அவரிடம் போய்க்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் பேர் வதனி வீட்டில் கூடினோம். ஆளுக்கொரு கதை சொன்னோம். எழுபத்திரண்டு வயதுக் கேள்வியைச் சொல்லி எல்லோரும் சிரித்து, பிறகு அழுதோம். வதனி வடை சுட்டுச் சுட்டுக் கொண்டுவந்தாள். குனிந்து தட்டை வைத்தபோது அவள் கணுக்காலைப் பார்த்தேன். இப்போதெல்லாம் யார் வந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

"வதனி, கால் வீங்கியிருக்கே?"

"நிண்டு நிண்டு வேலை செய்யிறன் அக்கா, அதுதான்."

எழுந்து போய், வாசலில் கிடந்த அவள் செருப்பைத் தேடி எடுத்து, தெருவைப் பார்த்தபடி திருப்பி வைத்தேன்.

"அக்கா, விசரே உங்களுக்கு? அடுப்பில எண்ணெய் கிடக்கு."

"அடுப்பை அணைச்சிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, அவளுக்குப் புதிதாக எழுதிக்கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையால் வந்த வீக்கம், மாற்றித் தருகிறேன் என்றார் டாக்டர். வதனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வடையெல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறினாள். திட்டட்டும். லான் அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது இது ஒன்றுதான்: பிறர் திட்டினாலும் செருப்பைத் திருப்பி வைப்பது. திருப்பி வைத்திருக்க வேண்டிய ஒரு ஜோடியை மட்டும் திருப்பாமல் விட்டுவிட்டேன்.

வீடு வரும் வழியில், சிக்னலில் நின்றபோது வதனி, "லான் அக்காவையும் ஒருக்கா இப்பிடி ஏத்திக்கொண்டு வந்திருக்கலாம், என்னக்கா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.