முனை இல்லாத பாவு

விஜய வருஷம் தை மாதம் ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிஷம். மழை இல்லை, காற்று இல்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி.

முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்ண முடியாத எதையும் நம்பியதில்லை. எங்கள் சபையில் பிசாசுக் கதை சொன்னவர்களைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன். நீங்களும் சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

என் மனைவி மரியாளுக்கு அப்போது ஒன்பது நாளாய் விடாத காய்ச்சல். அவள் பக்கத்தில் விழித்திருக்க எனக்கு ஒரு பழைய புத்தகம்தான் துணை. ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் சாமான்களோடு விற்றது; சென்னப்பட்டணத்து வீதிகள், கட்டடங்களின் சரித்திரம், அறுபத்திரண்டு படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஜன்னல், தூண், மனிதர் எல்லாம் எண்ணி ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். முப்பத்தேழாம் படம் ஒரு நெசவுத் தெரு. தறிக்குப் போகும் முன் தெரு நெடுக இழுத்துக் கட்டும் நூல்தான் பாவு. அதன் ஓரமாய் முதுகு காட்டி நிற்கும் ஆட்கள். ‘ஆள் 11’ என்று எழுதியிருந்தேன்.

அன்று காலை மருந்துக்கடைக்காரர் குப்பியைக் கையில் கொடுத்து, “ஏழு மணிக்குள்ள ஒரு வேள குடுத்துடுங்க சார். ஜல்தியா போங்க. தவறிச்சின்னா என்னக் கேக்காதீங்க” என்றார்.

வீட்டுக்குப் போக நெசவாளி சின்னசாமியின் தெருவைக் கடக்க வேண்டும். அவன் ஒரு கல்யாணச் சேலைக்குப் பட்டுப் பாவு நீட்டியிருந்தான். நீட்டிய பாவைத் தாண்டுவதும் அடியில் நுழைவதும் எங்கள் ஊரில் ஆகாது. முனைவரை நடந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவன் பாவு என் காலடிக்கு முப்பத்தாறு.

எண்ணிக்கொண்டே நடந்தேன். முப்பத்தாறு ஆயிற்று, முனை வரவில்லை. நூறு, அறுநூறு, ஆயிரம். திரும்பி வந்த வழியே நடந்தேன். அந்தப் பக்கமும் முனை இல்லை, நான் நுழைந்த சந்தும் இல்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பாவு, நடுவில் குப்பியோடு நான். அங்கங்கே பனிக்குள் முதுகு காட்டி ஆட்கள் நின்றார்கள்.

“ஏம்பா, இது எங்க முடியுது?”

ஒருவன் திரும்பாமலே சொன்னான்: “அதத்தான் ஐயா நாங்களும் பாத்துகினு இருக்கோம்.”

“எத்தன நாளா?”

“எண்ணிப் பாத்தோம். பேஜாராயி வுட்டுட்டோம்.”

“அடியில நுழஞ்சி போனா?”

“நுழஞ்சவங்கதான் ஐயா நாங்க.”

பாவோரமாய் நடந்து அவர்களை ஒவ்வொருவராய் எண்ணினேன். பதினொன்று. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் புத்தகத்தின் முப்பத்தேழாம் படத்தில் பாவுக்கு முனையே கிடையாது. வரைந்தவன் காகிதம் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டான்.

“அப்போ அறுத்துட்டுப் போகவேண்டியதுதானே?”

“நெய்யறவன் கை பாவ அறுக்குமா ஐயா?”

நான் நெய்கிறவன் இல்லை. சட்டைப் பையில் பேனாக் கத்தி இருந்தது. மரியாளை நினைத்துக்கொண்டு அறுத்தேன்.

எதிரே என் வீட்டுச் சந்து. இரண்டாயிரத்து நூற்று நான்கு காலடி நடந்தவன் வீட்டுக்குள் போனால் கடிகாரத்தில் ஆறு மணி பதினைந்து. மருந்து உள்ளே போயிற்று; மூன்றாம் நாள் மரியாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

எட்டு மணிக்குச் சின்னசாமி வந்தான். “என்னா வாத்தியாரே, படிச்சவரு பண்ற வேலையா இது? பட்டு, தண்டம் எல்லாம் சேத்து ஒம்போது ரூபா வெய்யுங்க. நீங்க போனதும் எங்கிருந்தோ பதினோரு பேரு வந்து, அறுந்த இழைய எல்லாம் ஒண்ணு விடாம முடிஞ்சிக் குடுத்தாங்க. நல்ல கை. மூஞ்சிதான் ஒருத்தரும் காட்டல. கூலி வாங்காம போயிட்டாங்க. ஆளுக்கு ரெண்டணா, வந்து கேட்டா நீங்கதான் குடுக்கணும்.”

அவன் போனதும் புத்தகத்தைத் திறந்தேன். முப்பத்தேழாம் படத்தில் பாவு அறுந்து தொங்குகிறது. ஓரத்தில் என் கையெழுத்தில் ‘ஆள் 11’. படத்தில் ஒருவரும் இல்லை.

யாராவது கதவைத் தட்டினால் இன்றுவரை மரியாளைத் திறக்க விடுவதில்லை. கூலிக் காசு அந்தப் பக்கத்திலேயே மடித்து இருக்கிறது, பதினோரு இரண்டணா. பாவுக்கு ஒன்பது, கூலிக்கு ஒன்று ஆறணா. ஆக மொத்தம் பத்து ரூபாய் ஆறணா.