நேஷனல் பார்க் ஸ்டேஷனில் ஆடி அமாவாசை

நியூஸிலாந்தில் ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு ரயிலில் போகலாமா, அதுவும் குளிர்காலத்தில், என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். கட்டாயம் போங்கள். நான் போனது 1997 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் விட்ட பிழையையும் சேர்த்தே எழுதுகிறேன், நீங்களாவது தப்பிக்கொள்ளலாம்.

அந்த வருடம் தை மாதம் என் மனைவி வதனியின் அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். யுத்தத்தால் பாதை பூட்டு. செய்தி ஆக்லாந்தின் ரானுயியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்திருந்தது. வதனி அவருக்கு ஒரே பிள்ளை. ஆனால் அவள் அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், கோப்பையில் போட்ட சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். பனியைக் காட்டினால் மனம் கொஞ்சம் மாறும் என்று எனக்கொரு யோசனை. அவளிடம் சொல்லாமலே போய் டிக்கெட் எடுத்தேன். ஆளுக்கு 98 டாலர், திருப்பித் தரமாட்டார்கள்.

வியாழக்கிழமைதான் அவள் சுவர்க் கலண்டரைப் பார்த்தாள். பயண நாளில் ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து, சமைத்ததில் முதல் பிடியைக் காகத்துக்கு வைத்து, அது தின்ற பிறகே சாப்பிடும் நாள். அவளுக்கு அது முதலாவது.

"டிக்கெட் எடுக்கேக்க கலண்டரை ஒருக்காப் பாத்திருக்கலாமே?"

டிக்கெட்டைத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்றேன்.

"சரி, வாறன். ஆனா ஒரு உயிர் வாய் வைக்காம நான் தண்ணியைத் தவிர ஒண்டும் எடுக்கமாட்டன்."

ஞாயிறு காலை முழுகிவிட்டுச் சமைத்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் காத்தோட்டிக்காய் என்ற சின்னக் கைப்புக் காய் இல்லாமல் சமையல் இல்லை. ஆக்லாந்தில் அதற்கு எங்கே போவது? உருவத்திலும் கைப்பிலும் இதுதான் கிட்ட நிற்கிறது என்று குட்டி முட்டைக்கோவா மாதிரியான பிரஸல்ஸ் ஸ்பிரவுட்டைப் பொரித்தாள். காகமும் இந்த ஊரில் இல்லைதான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் கோடியில் வைத்தால் மைனாவாவது வரும். மத்தியானம்தான் படைக்கவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பொதியாகக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம்.

காலை எட்டரைக்கு ரயில் புறப்பட்டது. 680 கிலோமீற்றர், ஏறக்குறைய பதினொரு மணி நேரம். முதல் நான்கு மணி நேரமும் பசும்புல்லும் ஆடுகளும்தான். என் அப்பா உயிரோடு இருந்ததால் எனக்கு விரதமில்லை. ஆனாலும் பட்டினி கிடப்பவளுக்கு முன்னால் எப்படித் தின்பது? பக்கத்து இருக்கைக்காரர் இறைச்சி அடைத்த சூடான பேஸ்ட்ரி ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். அந்த வாசனைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டௌமருனுயி ஸ்டேஷன் தாண்டியதும் ஏற்றம். ரயில் வளைந்து வளைந்து தான் வந்த பாதைக்கு மேலேயே ஏறுகிறது. பிறகு மரங்கள், கூரைகள், வேலிக் கட்டைகள் எல்லாம் வெள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பனியைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். வதனி மடியிலிருந்த சாப்பாட்டுப் பொதியைப் பார்த்தாள்.

"இந்தக் குளிருக்குள்ள எந்தக் குருவி வரும்?"

ஒன்றரை மணியளவில் நேஷனல் பார்க் ஸ்டேஷன். எதிரே வரும் ரயிலுக்காக இங்கே சிறிது நேரம் நிற்கும். வதனி இறங்கி, மேடையின் ஓரத்தில் பனிமேல் ஒரு தகரத்தாள் தட்டில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஒரு குருவியும் இல்லை. எதிர் ரயில் வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றது. அப்போதும் இல்லை.

எங்கள் டிக்கெட்டைப் பரிசோதித்த அம்மா, வாட்டசாட்டமான மாவோரிப் பெண், கிட்ட வந்து ஆங்கிலத்தில் விசாரித்தார். "இது யாருக்கு?"

"என் அப்பாவுக்கு. இறந்துவிட்டார். ஒரு பறவை தின்ன வேண்டும்."

"தின்னாவிட்டால்?"

"நானும் சாப்பிட மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. வதனி அசையவில்லை.

"நீங்கள் போங்கோ. நான் வரேல்ல. அப்பாவின்ர கடைசி நாளுக்கும் நான் போகேல்ல. இதையும் விட்டிட்டுப் போகச் சொல்லுறியளே?"

அந்த அம்மாதான் அவள் தோளைப் பிடித்தார். "நீ ஏறு. நான் இங்கே அந்த ரயிலுக்கு மாறித் திரும்பிப் போகிறேன். அது புறப்படும்வரை உன் தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

கடைசிப் பெட்டியின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. இருவரும் அங்கே ஓடினோம். ரயில் மெல்ல நகர்ந்தது. அந்த அம்மா மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, தட்டிலிருந்து ஒரு வாய் சோற்றை எடுத்துத் தன் வாயில் போட்டார். ஆறுதலாக மென்று விழுங்கிவிட்டு எங்களை நோக்கிக் கையைத் தூக்கினார்.

"அப்பா" என்றாள் வதனி. ஏழு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அடுத்த ஸ்டேஷனான ஒஹாகுனே வரைக்கும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, வாங்கோ" என்றாள். சோறு ஆறிப்போயிருந்தது. வழித்துத் துடைத்துச் சாப்பிட்டோம். அந்த அம்மாவின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் அவரை நினைக்கிறோம், அவர் நன்றாக இருக்கவேண்டும்.

போகிறவர்களுக்கு: தெற்கே போகும்போது இடப்பக்க இருக்கை கேளுங்கள், ருவாப்பேகு மலை அந்தப் பக்கம்தான். ஈரம் புகாத சப்பாத்து வேண்டும். நேரமும் கட்டணமும் இப்போது மாறியிருக்கும், விசாரியுங்கள். டிக்கெட் எடுக்கமுன் கலண்டரைப் பாருங்கள். சாப்பாடு கட்டும்போது மட்டும் ஆள் கணக்குப் பார்க்காமல் ஒருவருக்குக் கூடுதலாகக் கட்டுங்கள்.