நாற்பது லிட்டர் காற்று

எங்கள் காரின் பின் சீட்டில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சப்-ஊஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி கட்டியவள் என் அத்தை. அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுத் தேர்வு முடிந்து, ஆயுத பூஜையோடு சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் நீளமாக விடுமுறை விட்டிருந்தார்கள். அத்தையும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கு விடுமுறை என்றால் உலகத்துக்கே விடுமுறை என்று நம்புகிற வயது. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. திருச்சியில் கல்யாணம் செய்துகொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு கிண்டியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாள். ஃபைபர் கிளாஸில் பஸ்ஸின் முகப்பு, பூங்காவுக்குச் சறுக்குமரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்யும் இடம் அது. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது எதிரே வரும் ஏதாவது ஒரு ஆம்னி பஸ்ஸைக் காட்டி, "அது உன் அத்தை செஞ்ச மூஞ்சி" என்பார் அப்பா. அதனால் பஸ்களுக்கு முகம் வைப்பதே அத்தையின் தொழில் என்று நான் நினைத்திருந்தேன்.

இரண்டு சூட்கேஸ்களோடும் ஒரு அட்டைப்பெட்டியோடும் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியவள், முதல் இரண்டு நாள் அறையை விட்டே வெளியே வரவில்லை. பஸ்ஸில் வந்த அலுப்பு என்றாள் அம்மா. மூன்றாம் நாள் காலை அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கன்னங்கரேலென்று ஒரு ஸ்பீக்கர் இருந்தது. தூக்கப் பார்த்தேன், அசையவில்லை. பின்பக்கம் ஒயர்கள் அறுந்து தொங்கின.

"இது யாருது அத்தை?"

"என்னுது. நான் வாங்கினது. என்னோடதுதான்."

ஒரு கேள்விக்கு எதற்கு மூன்று பதில் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது அத்தை அப்பாவிடம் கேட்டாள். காரின் பின் சீட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி ஃபைபர் கிளாஸில் ஒரு பெட்டி செய்து ஊஃபரை அதில் பொருத்தலாமா என்று. நான் சோற்றில் கையை வைத்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அந்தக் காரை அப்பா பழசாகத்தான் வாங்கினார். ஆனாலும் முதலில் வைத்திருந்தவர் சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் கழற்றவில்லை. அதற்குள் உட்கார்ந்து நான் ஒரு பிஸ்கட் தின்றதில்லை. ஏறும் முன் செருப்பைத் தட்ட வேண்டும்.

அப்பா ரசம் சாதத்தை வெகுநேரம் பிசைந்தார். "எடுத்துக்கோம்மா. நீயும் இவளும் உட்கார இடம் விட்டுட்டு மிச்சத்துல என்ன வேணா பண்ணிக்கோ" என்றார்.

டிவி சத்தம் கொஞ்சம் கூடினாலே தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொள்ளும் அம்மா, "கார்ல நல்லா சத்தமா பாட்டு கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோருமே ஒரு ஊஃபருக்காக ரகசியமாக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள், என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

மறுநாளே கார் பார்க்கிங்கில் வேலை ஆரம்பமானது. டிரைவருக்குப் பின்னால் இருந்த பகுதியை அத்தை கழற்றினாள். காரின் உள்தரையிலும் பக்கச் சுவரிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, அம்மா சப்பாத்தி சுற்ற வைத்திருந்த அலுமினியத் தாளை அத்தை அதன்மேல் விரித்தாள். பிறகு தன் கைகளிலும் என் கைகளிலும் முழங்கைக்கு மேல் வரை பவுடரைக் கொட்டித் தேய்த்தாள். கண்ணாடி இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிக்குமாம். என் மூக்கைச் சுற்றி ஈரக் கைக்குட்டை. ரெசின் என்கிற பிசினைக் கலக்கும்போது மூன்றாவது தூணைத் தாண்டி வரக் கூடாது என்று சட்டம். அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன்.

தேன் மாதிரி இருந்த ரெசினில் அதை இறுக வைக்கும் ஹார்டனரைச் சில சொட்டு விட்டுக் கலக்கி, வெள்ளைக் கண்ணாடி இழைப் பாய்மேல் தூரிகையால் ஒத்தி ஒத்தி எடுப்பாள். கொஞ்ச நேரத்தில் பாய் மறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சூடேறும். அடுப்பே இல்லாமல் கிண்ணம் சுடுவதைத் தொட்டுப் பார்க்க என்னைக் கூப்பிடுவாள். சாயங்காலம் தட்டினால் டக் டக்கென்று கல் சத்தம் கேட்கும். காலையில் தண்ணியாக இருந்தது சாயங்காலம் கல்லாகிவிடுகிறது என்பதை நான் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

வாசனைதான் பெரிய தொல்லை. மூன்றாம் மாடி வரைக்கும் நாறுகிறது என்று குடியிருப்புச் செகரட்டரி சார் இறங்கி வந்தார். தண்ணீர் மோட்டார் விஷயத்தில்கூட அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் அப்பா. அன்று, "இன்னும் நாலு நாள்தான் சார். ரொம்ப முடியலைன்னா ஜன்னலச் சாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ஒரு மாடி ஏறுவதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது.

அடிப்பாகம் தயாரானதும், ஊஃபர் உட்காருவதற்கு மரப்பலகையில் ஒரு வளையம் அறுத்துக் குச்சிகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினாள் அத்தை. அதன்மேல் இழுத்துப் போர்த்த நன்றாக நீளும் துணி ஒன்று வேண்டும். அப்பாவுக்கு ஆபீஸ் நடைப்போட்டியில் கொடுத்த டி-ஷர்ட் பலியானது. அதை இழுத்துப் பிடித்துப் பின் அடித்து ரெசின் பூசியதும், பின் சீட்டில் மாட்டின் திமில் மாதிரி ஒன்று எழுந்து நின்றது. அதன் வயிற்றில் நடக்கிற ஒரு மனிதனின் படம் கோணிப்போய்த் தெரிந்தது.

எங்கள் கேட்டுக்கு எதிரே ஆட்டோ நிறுத்தும் அண்ணன் தினமும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். திமிலைப் பார்த்த அன்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா பண்ணிகினு கீற? கார் சீட்டாண்ட பூசணிக்கா காய்ச்ச மாதிரி கீது!"

"பாத்துகினே இரு. பாடும்" என்றாள் அத்தை. அவள் அந்த ஒரு வாரத்தில் யாருக்காவது இவ்வளவு துடுக்காகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளே இன்னும் இரண்டு அடுக்கு ஏற்றி, காற்று வெளியே வர ஒரு பிளாஸ்டிக் குழாயும் பொருத்தியாகிவிட்டது. பூஜைக்கு முந்தின நாள் அத்தை சொன்னாள், இந்த ஊஃபருக்கு நாற்பது லிட்டர் காற்று வேண்டும், பெட்டியில் அவ்வளவு இருக்கிறதா என்று அளக்க வேண்டும் என்று. காற்றைப் பால் மாதிரி லிட்டரில் அளப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எதை ஊற்றி அளப்பது? தண்ணீர் ஊற்றினால் வளையப் பலகை ஊறிவிடும். அரிசி கொட்ட அம்மா விடமாட்டாள்.

கைகொடுத்தது அப்பா வாங்கி வந்த பொரி. குடியிருப்பு முழுவதற்கும் கொடுக்கவென்று ஒரு வாரம் முன்பே பெரிய மூட்டையாக வாங்கி வந்து பால்கனியில் வைத்துவிட்டார். மழைச் சாரலில் அது நமத்துப்போய், அம்மா தூக்கிப் போடக் காத்திருந்தாள். பூஜைக்குப் புதுப்பொரி வாங்கியாகிவிட்டது. நமத்த மூட்டையை எனக்குக் கொடுத்தார்கள். பத்து லிட்டர் வாளியில் தலைதட்டி அளந்து அளந்து ஊஃபர் ஓட்டை வழியாகக் கொட்டுவது என் வேலை. ஒரு பொரிகூட வாயில் போடக் கூடாது, கண்ணாடித் தூசி இருக்கும் என்று அத்தை மூன்று முறை சொன்னாள்.

ஒரு வாளி. இரண்டு. மூன்று. நாலாவது வாளியைக் கொட்டியபோது பொரி வளையத்தின் விளிம்பு வரை வந்து நின்றது. மேலே மூன்று கைப்பிடிதான் பிடித்தது. அத்தை குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். "கையளவுதாண்டி தப்பு! கை மறக்கலடி எனக்கு!" என்றாள். எது மறக்கவில்லை என்று விளங்காவிட்டாலும் நானும் கத்தினேன்.

பிறகு பொரியை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். முக்கால்வாசி வரை வாரிக் கொட்டினேன். அதற்குமேல் தோள் வரை கையை விட்டுத் துழாவ வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கம் ஆட்டோ அண்ணன் வண்டிக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார், கலர் பேப்பர் ஒட்ட ஆள் தேடினார். அத்தை மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு!" என்று கத்திவிட்டு ஓடிவிட்டேன்.

ஊஃபரைத் திருகி இறுக்கி, பெட்டிக்குக் கறுப்பு வெல்வெட் ஒட்டி முடித்தபோது அது காரோடு பிறந்த மாதிரியே இருந்தது. பூஜையன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு அத்தை இறங்கி வந்தாள். கற்பூரம் காட்டி முடிந்ததும் குடியிருப்பு மொத்தமும் காரைச் சுற்றி நின்றது. பின் கதவைத் திறந்து வைத்தார்கள். குழாயின் வாய்க்கு நேர் எதிரில், புது வேட்டியில், கையைக் கட்டிக்கொண்டு செகரட்டரி சார்.

முதல் பாட்டு நாதஸ்வரம்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாதஸ்வரம் தனியாகக் கொஞ்ச நேரம் இழைந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு தவில் ஒரு அடி அடித்தது. குழாயிலிருந்து ஒரு பிடி பொரி பாய்ந்து வந்து செகரட்டரி சாரின் நெஞ்சில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு இரண்டாவது பிடி. அதற்குப் பிறகு தவில்காரர் நிறுத்தவே இல்லை. அவர் உருட்ட உருட்டப் பொரி பறந்தது. சின்னப் பிள்ளைகள் சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். "திங்காதீங்க, திங்காதீங்க" என்று அம்மா ஒவ்வொரு கையாகத் தட்டிவிட்டாள்.

நான் மூன்றாவது தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பத்து நாள் வேலை என்னால் பாழாகிவிட்டது, இனி அத்தை என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல், பச்சைப் புடவையோடு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "எத்தன பிடிடி விட்டு வச்ச?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மா பக்கத்தில் போய்க் குனிந்து அவள் முதுகில் கை வைத்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணீர் நிற்கவில்லை, அம்மாவும் கையை எடுக்கவில்லை. ரொம்பச் சிரித்தால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

செகரட்டரி சார் வேட்டியை உதறிக்கொண்டு, "பேஸ் சவுண்டு நல்லா இருக்கும்மா" என்றார். ஆட்டோ அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யக்கா, நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பொரி வர்ற மாதிரியே வோணும்."

பின்னாளில் பொழிச்சலூரில் அத்தை போட்ட பட்டறைக்கு முதல் வாடிக்கையாளர் அவர்தான். பொரி மட்டும் வரவில்லை என்று கடைசிவரை குறைபட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நாலு பேரும் காரில் கிளம்பினோம். அப்பாவும் அம்மாவும் முன்னால். பெட்டிக்குப் பக்கத்தில் அத்தை, இடப்பக்க ஜன்னலோரம் நான். தாம்பரம் தாண்டும் வரை சீட்டும் முதுகும் சேர்ந்து அதிர்ந்தன. பெருங்களத்தூரில் கார் நகரவில்லை. பட்டறைகளில் பூஜையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்கள் பைகளோடு சாலையில் பாதியை அடைத்து நின்றார்கள். அப்பா பாட்டைக் குறைத்தார். "திருச்சி, திருச்சி" என்று ஒரு கண்டக்டர் கத்துவது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. விடுமுறை முடியப்போகிறதே.

"அத்தை, உன் பஸ் எப்போ?"

முன் சீட்டில் யாரும் திரும்பவில்லை. அத்தை அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பஸ்ஸா? அது போயிடுச்சுடி."

"போயே போயிடுச்சா?"

"போயே போயிடுச்சு."

நான் சீட்டில் ஏறிக் குதித்தேன். சந்தோஷம் தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பை வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாளிடம், "எங்க அத்தை பஸ் போயிடுச்சு!" என்று சொன்னேன். அவர் பாவப்பட்டு, "அழாத பாப்பா, பின்னாடியே இன்னொண்ணு வரும்" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. பயந்துபோய் ஜன்னல் கைப்பிடியை வேகவேகமாகச் சுற்றினேன். பாதியில் அது சிக்கிக்கொண்டது. அத்தை என் கைமேல் கையை வைத்து, என்னோடு சேர்ந்து கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டாள். அவள் விடுமுறைக்கு வரவில்லை, திருச்சி வீட்டை விட்டே வந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. தன்னைத் திரும்ப அங்கே கொண்டுபோக அந்த இன்னொரு பஸ் வந்துவிடுமோ என்று என்னைவிட அதிகமாக அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பதும் அன்று எனக்குத் தெரியாது.