வாடைக்கு முதுகைக் காட்டி

கடலூர் முதுநகரைத் தாண்டுவதற்குள்ளாகவே சட்டைக்குள் இருந்த பேப்பர் நழுவி இடுப்புக்கு இறங்கிவிட்டது. ரோட்டோரம் ஒதுங்கி நின்று, சட்டையைத் தூக்கி, அதை மறுபடி முதுகுக்கு ஏற்றினேன். தினசரிப் பேப்பர் ஒன்றை நாலாக மடித்து முதுகில் வைத்திருந்தேன். நெஞ்சுப் பக்கம் ஒன்றும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நடப்பவனுக்குக் காற்று பின்னாலிருந்துதான் வரும். வாடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போகலாம். திரும்பி வருவதாக இருந்தால் பேப்பரை முன்னால் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குத் திரும்பி வருகிற எண்ணம் இல்லை.

பஸ்ஸுக்குக் காசு இருந்தது. பஸ்ஸில்தான் போகக் கூடாது. பாதி ஜன்னல்களில் ஷட்டர் இறங்காது, இறங்குகிற இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். ஒரு மணி நேரம் அந்தக் காற்றில் உட்கார்ந்தால் சிதம்பரத்தில் நான் இறங்கும்போது என் முகம் எனக்கே அடையாளம் தெரியாது.

என் உடம்புக்குக் குளிர் ஆகாது. ஆகாது என்றால் வெறும் நடுக்கம் இல்லை. குளிர்ந்த காற்றோ தண்ணீரோ பட்ட இடம் பத்து நிமிஷத்தில் சிவந்து, திட்டுத் திட்டாகத் தடித்து எழும்பும். அரிக்கும். ஐஸ் தண்ணீர் குடித்தால் உதடு வீங்கும். கதகதப்பான இடத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் தடமில்லாமல் போய்விடும். இருபத்திரண்டு வயதில் வந்தது. ஏன் வந்தது என்று தெரியாது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை கொடுத்தார். போட்டால் நின்றபடி தூக்கம் வந்தது. தூங்குகிறவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அதனால் மாத்திரையை விட்டுவிட்டேன். “குளிர்ல போவாதீங்க” என்றும் சொன்னார். அவர் சொன்னதில் அதை மட்டும்தான் இன்று வரை கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் வேர்த்துக் கொட்டுகிற ஊர் கடலூர். இங்கே குளிர் என்ன குளிர் என்பார்கள். சிரித்தால் பரவாயில்லை. தடிப்பைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள், தள்ளி நிற்பார்கள். அதற்குத்தான் பயம்.

அந்த வருஷம், சுனாமி அலை வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற வேலைக்குப் போனேன். வேறு வேலை கிடைக்கவில்லை. மண்வெட்டியால் வாருகிற வேலைதானே, கை படாது என்று நினைத்தேன். கை படாமல் ஐஸ் வேலை கிடையாது. மூன்றாம் நாள் முழங்கை வரைக்கும் தடித்திருந்ததை ஐஸ்காரர் பார்த்துவிட்டார். “தொத்து வியாதிய வச்சிக்கினு மீன்ல கைய வக்கறியா?” என்றார். தொற்றாது என்றேன். “அத டாக்டர் சொல்லட்டும், நீ சொல்லாத” என்று வெளியே அனுப்பிவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழக்கடையிலும் இதே கதைதான்.

துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறவர் ஒருவரை மாமா என்று கூப்பிடுவேன். உறவு கிடையாது. அவர்தான் வழி சொன்னார். அவர் மச்சான் சிதம்பரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாஸ்டர். அங்கே அடுப்படிக்கு ஆள் வேண்டும்.

“நாள் பூரா நெருப்புக்கிட்ட நிப்ப. உனுக்குன்னே செஞ்ச வேலடா அது” என்றார். “நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அங்க இரு. மொதலாளி மொதல்ல கையத்தான் பாப்பாரு. நகத்தப் பாப்பாரு. ஒரு புள்ளி இருந்தாலும் கெளம்புன்னுடுவாரு. அத்தோட என் மச்சான் மானமும் போவும்.”

ஆக, கையிலும் முகத்திலும் ஒரு தடிப்பு இல்லாமல் சிதம்பரம் போய்ச் சேர வேண்டும். ஒருமுறை உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டால் பிழைத்துக்கொள்வேன். அவ்வளவுதான் என் கணக்கு.

நடப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. மெதுவாகப் போனால் குளிரும். வேகமாகப் போனால் வேர்க்கும். வேர்வை காய்கிற குளிர் இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே மோசம். மூச்சு வாங்காத, ஆனால் பாட்டுப் பாட முடியாத ஒரு வேகம் இருக்கிறது, அதில் போக வேண்டும். தலையில் மங்கி குல்லா, அதன்மேல் காதைச் சுற்றித் துண்டு. பிளாட்பாரத்தில் வாங்கிய சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. செருப்பு வார் சாக்ஸை விரலிடுக்கில் நெருக்கிக்கொண்டே இருக்கும். கம்பெனிக் காம்பவுண்டுச் சுவர் இருக்கிற வரைக்கும் சுவரோரமாகப் போனேன். சுவர் முடிந்ததும் காற்று, ‘எங்கே போனாய்?’ என்று கேட்பதுபோல வந்து பிடரியில் பிடித்தது.

ஆலப்பாக்கத்துக்கு முன்னால் ஒருவர் பைக்கை நிறுத்தினார். பின்னால் காலி உரச் சாக்கு கட்டியிருந்தார்.

“எங்க போற?”

“சிதம்பரம்ணே.”

“புதுச்சத்திரம் வரிக்கும் போறேன், ஏறு.”

“வேணாண்ணே. நடந்தே வரேன்.”

“ஏன், நடந்தே வரேன்னு வேண்டுதலா?”

“வண்டியில போனா காத்து ஒத்துக்காதுண்ணே.”

குல்லாவிலிருந்து சாக்ஸ் வரைக்கும் பார்த்தார். “எப்பா, இது ஊட்டிக்குப் போற ரோடு இல்லப்பா” என்றார். போய்விடுவார் என்று பார்த்தால் கொஞ்சம் யோசித்தார். “முன்னாடி காத்த நான் வாங்கிக்கறேன். நீ திரும்பி உக்காரு. முதுவோட முதுவா.”

அப்படியே உட்கார்ந்தேன். வந்த ரோடு என் கண்ணெதிரே பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் முதுகு அகலமானது, சூடாகவும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகள் கையைக் காட்டிச் சிரித்தார்கள். “யாராவது கேட்டா, போலீசு பின்னாடி வருதான்னு பாக்கறேன்னு சொல்லு” என்றார். அன்றைக்கு முழுதும் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புதுச்சத்திரத்தில் இறங்கி, அவித்த மல்லாட்டை வாங்கினேன். கடலை என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். சட்டியிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டித் தரும்போது கை வைக்க முடியாத சூடு. நான் வாங்கியது கையில் வைத்துக்கொள்ளத்தான். இரண்டு பொட்டலம், உள்ளங்கைக்கு ஒன்று. கால் மணி நேரம் தாங்கும். பாக்கெட்டில் போட்டு மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம்.

விற்ற அம்மா நான் பிரிக்காமல் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தார். “திங்க வாங்கனியா, அடைகாக்க வாங்கனியா?” என்றார். ஆறினதும் தின்பேன் என்றேன். “ஆறனா யாரு திம்பா? வூட்ல சொல்லி ஒனக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணச் சொல்லு, குளுரு போவும்.”

அதற்கப்புறம் நடைதான். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது பொழுது இறங்கிவிட்டது. பாலத்தில் ஒதுங்க ஒன்றும் கிடையாது. கடல் பக்கமிருந்து ஆற்றோடு வருகிற காற்று நேராக இடது பக்கத்தில் அடித்தது. பொட்டலங்கள் எப்போதோ ஆறியிருந்தன. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு, முகத்தைத் துண்டுக்குள் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தேன். பாதிப் பாலத்தில் இடது கன்னம் அரிக்க ஆரம்பித்தது. சொறிந்தால் பரவும் என்று சொறியவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எப்போது முடியும் என்று மட்டும் இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு டீக்கடை பாய்லருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு டீ குடித்தேன். கன்னம் அடங்கியது. கடை மூடியதும் அடுப்பை ஒட்டிய வெளிச்சுவரின் ஓரம் படுத்தேன். அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு நாய் படுத்திருந்தது. அது நகரவில்லை. நான் அதற்கு இந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டேன். குளிர் எங்கே குறைவு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

காலையில் எழுந்ததும் கையைத்தான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தக் கையை அப்படியே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கடைக்குப் போனேன்.

மாஸ்டர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். முதலாளி கல்லாவில் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. மாமா சொன்னபடியே, “கைய நீட்டு” என்றார். நீட்டினேன். திருப்பினார், நகத்தைப் பார்த்தார். “எத்தினியாவது படிச்ச?” “எட்டு.” “சரி. போயி கை கால் கழுவிட்டு உள்ள போ.”

பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி இருந்தது. ராத்திரி முழுதும் திறந்து கிடந்த தண்ணீர். மொண்டு ஊற்றுகிற குவளையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. நாலடி தள்ளி அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு குவளை கேட்டிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நிமிஷத்தில் கை கழுவ வெந்நீர் கேட்கிறவனை என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டேன். குளிர்ந்த தண்ணீரிலேயே முழங்கை வரைக்கும் கழுவினேன். துண்டில் அழுத்தித் துடைத்து, ஓடிப்போய் அடுப்புக்கு முன்னால் கையைக் காட்டினேன்.

வருகிற தடிப்பை நெருப்பு தடுக்காது. அது வந்துவிட்டுத்தான் போகும். மாஸ்டர் இட்லித் தட்டை என்னிடம் நீட்டியபோது என் கையைப் பார்த்தார்.

“யோவ், என்னாய்யா இது?”

“ஒண்ணுமில்ல, ஒரு மணி நேரத்துல போயிடும்.”

அவர் சத்தத்தைக் குறைத்தார். ஆனால் முதலாளி அதற்குள் வந்துவிட்டார். நான் ஆதியிலிருந்து சொன்னேன். முதலாளி திட்டவில்லை. கடைசி வரை கேட்டார். நம்பவும் செய்தார் என்றே நினைக்கிறேன்.

“தண்ணி பட்டா வருதா?”

“ஆமாங்க. குளுந்த தண்ணி.”

“தம்பி, இது சமையக்கட்டு. அரிசி களையணும், காய் கழுவணும், தட்டு கழுவணும், ஒரு நாளைக்கு நூறு வாட்டி தண்ணியில கைய வக்கணும். நெருப்பு ஒரு பங்குன்னா தண்ணி மூணு பங்கு. ஒனக்கு வெந்நி போட்டுக் குடுக்க நான் தனியா ஆள் வக்கறதா?”

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் நடந்த அத்தனை நேரமும் நான் அடுப்பைத்தான் நினைத்தேன். தண்ணீரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி நாலு இட்லி வைத்துக் கொடுக்கச் சொன்னார். வெளியே நின்று சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, வெயில் விழுகிற பக்கமாகக் கால் போன போக்கில் நடந்தேன். ஊருக்கு வெளியே, மழையில் அரித்துப் போன ரோட்டை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் தார் டிரம் விறகில் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த அனல் பத்தடியிலேயே முகத்தில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

“என்னா வேணும்?”

“வேல வேணும்.”

“தார் வேல பாத்திருக்கியா?”

“இல்ல.”

“பின்ன ஏன் இங்க வந்து நிக்கற?”

“குளுருது.”

ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். “குளுராமே! மத்தியானம் கேளுங்க மேஸ்திரி அந்தாள” என்றாள் ஒருத்தி. மேஸ்திரி சிரிக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு ஓர் ஆள் குறைவாக இருந்தான். என் கையை யாரும் கேட்கவில்லை. அங்கே எல்லோர் கையும் முழங்கை வரைக்கும் கறுப்பாக இருந்தது. காலில் சுற்றிக்கொள்ளக் கிழிந்த சாக்கும் கட்டுவதற்குக் கயிறும் கொடுத்து, தார் மொள்ளுகிற டின்னைக் காட்டினார். குல்லாவைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டு முதல் டின்னை மொண்டேன். பத்து மணிக்கெல்லாம் சட்டையும் நனைந்து, முதுகிலிருந்த பேப்பரும் வேர்வையில் கிழிந்து கீழே விழுந்தது.