நாற்றம் நின்றபோது

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. ஆம்பூரில் டாக்டராகவும் பிறகு எம்.எல்.ஏ.வாகவும் இருந்த மெர்சி ஜெயசீலனுக்கு அன்று ஒரு தோல் தொழிற்சாலையில் பாராட்டு விழா. ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு இந்தியத் தூதராகப் போகிறார். மறுநாள் விமானம்.

மேடையில் பொன்னாடை விழுந்துகொண்டிருந்தது. மெர்சி காற்றை முகர்ந்துகொண்டே இருந்தார். அது அவருடைய பழைய வழக்கம்.

வேலூரில் ஒரு நர்ஸின் மகளாகப் பிறந்து, படித்து முடித்து, ஆம்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்தவர்களை டெம்போவில் கொண்டுவந்தார்கள். அடைப்பு எடுக்க ஒருவர் இறங்கியிருக்கிறார். அவரைத் தூக்கத் தம்பி. தம்பியைத் தூக்க மச்சான். மூவரிடமும் நாடி இல்லை.

“நாத்தம் நின்னுச்சு, கெட்ட காத்து போயிடுச்சுன்னுதானே எறங்கினாரு” என்று முதலில் இறங்கியவரின் மனைவி சொல்லிச் சொல்லி அழுதாள்.

அழுகிய தோல் கழிவில் உண்டாகும் வாயு, குறைவாக இருந்தால் அழுகிய முட்டைபோல நாறும். கூடினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும்; நாற்றமே தெரியாது. அந்த மூன்று சாவுகளுக்குப் பிறகு, ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் மெர்சி மட்டும் கார் கண்ணாடியை இறக்கி முகர்வார். நாறினால் நிம்மதி.

அந்தப் பயம்தான் அவரைத் தேர்தலில் நிற்க வைத்தது. ஜெயித்ததும் தோல் பதனிடும் டேனரி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். தொட்டிக்குள் யாரும் இறங்கக்கூடாது. இறங்கியே ஆகவேண்டும் என்றால் இடுப்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே இரும்புத் தூணில். முதலாளிகள் அவரைப் பேஜார் என்றார்கள். அவர்களுக்காக வெளிநாட்டு வியாபாரிகளிடம் பேசப் போனதும் அவர்தான். அந்தப் பேச்சுத் திறமைதான் டெல்லியின் கண்ணில் பட்டது.

விழா முடிந்து மெர்சி தொழிற்சாலையின் பின்கட்டுக்கு நடந்தார். தொட்டியை நெருங்க நெருங்க நாற்றம் ஏறியது. சட்டென்று எந்த நாற்றமும் இல்லை. மெர்சி அங்கேயே நின்றார்.

“தில்ஷாத் பாய், உள்ள யாரு?”

மேற்பார்வையாளர் தில்ஷாத் சிரித்தார். “வேலு மேடம். நீங்க வர்றீங்கன்னு அடைப்பு எடுக்கச் சொன்னேன். பாருங்க, இப்ப நாத்தமே இல்ல.”

“வேலு” என்று மெர்சி தொட்டியை நோக்கிக் கூப்பிட்டார். பதில் இல்லை. வேலுவின் தங்கையைக் கட்டிய பாண்டியன் பக்கத்திலேயே நின்றிருந்தான். செருப்பை உதறிவிட்டு ஏணியைப் பிடித்தான். மெர்சி பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

“விடுங்க டாக்டரம்மா. என் மச்சான்.”

“நீ எறங்கினா உன் பொணத்தையும் சேர்த்துத் தூக்கணும். எல்லாரும் அப்பால போங்க, காத்து வர்ற பக்கமா. கயிறு தூண்ல இருக்கா?”

இருந்தது. இழுத்தார்கள். கயிறு விறைத்து அப்படியே நின்றது. எங்கோ ஏணியில் சிக்கிக்கொண்டது.

“வரல மேடம், மாட்டிக்கிச்சு” என்றார் தில்ஷாத். சிரிப்பு எங்கோ போயிருந்தது.

“ஆள் செத்துடுவான், விடுங்க” என்று பாண்டியன் திமிறினான். தாமதித்தால் வேலு போய்விடுவார். விட்டால் இவனும் போவான்.  மெர்சி காலரை விடவில்லை.

“கொஞ்சம் தளர்த்துங்க. இடது பக்கமா ஆட்டுங்க. இப்ப இழுங்க.”

கயிறு அசைந்தது. பிறகு கனமாக மேலே வந்தது. வேலுவைத் தள்ளி இழுத்துப்போய்ப் படுக்க வைத்தார்கள். உதடு நீலம். மெர்சி பொன்னாடையை உதறி மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். அழுத்த அழுத்த, அந்த நாள் மருத்துவமனையில் அழுத மனைவியின் குரல் காதில் ஓடியது. பாண்டியன் தலைமாட்டில் மச்சான், மச்சான் என்று முனகிக்கொண்டிருந்தான்.

ரொம்ப நேரம் கழித்து வேலு ஒரு முறை இருமினார்.

“காதுல விழுதா? உன் பேரு இன்னா?” என்றார் மெர்சி.

வேலு வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. ஆம்புலன்ஸில் மெர்சியும் ஏறிக்கொண்டார்.

மறுநாள் விமானம் அவர் இல்லாமல் போனது. வேலு கண் விழித்துப் பேசிய பிறகு, அடுத்த வாரம்தான் புறப்பட்டார். வேலு இப்போது தோல் உலர்த்தும் கூடத்தில் வேலை செய்கிறார். அந்த நாளிலிருந்து எந்த வாசனையும் அவருக்குத் தெரிவதில்லை.